மேகம் எப்போதும் குளிர்விக்குமா?

நம்பிக்கை: மேகம் வெயிலை மறைக்கிறது. ஆகவே வெப்பமண்டலத்தில் மேகம் கூடக் கூடப் பூமி குளிரும்.

உண்மை: எந்த உயரத்து மேகம் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வெயிலைத் திருப்பி அனுப்பும் அதே மேகம், கீழிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களையும் விண்வெளிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இரவில் வெயில் இல்லை. அப்போது நடப்பது தடுப்பு மட்டும்தான். மூட்டமான இரவின் புழுக்கத்தில் அதற்கும் பங்கு உண்டு.

இந்தோனேசியாவை ஒட்டிய மேற்குப் பசிபிக்கில் கடல்நீர் 28, 29 டிகிரி செல்சியஸ் இருக்கும். அங்கே எழும் இடிமேகங்கள் 15 கிலோமீட்டர் உயரம்கூட வளரும். அந்த உச்சியில் வெப்பநிலை மைனஸ் 70 டிகிரியை ஒட்டி இருக்கும். அவ்வளவு குளிர்ந்த மேகம் விண்வெளிக்கு விடும் வெப்பம் மிகக் குறைவு. கீழே கடல் விடுவதில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. இதனால் அங்கே திரும்பிப் போன வெயிலும் தங்கிவிட்ட வெப்பமும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுகின்றன.

பெரு நாட்டுக் கரைக்கு அப்பால் கணக்கு மாறுகிறது. குளிர்ந்த நீருக்கு மேலே, ஒரு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் மேகம் கடலைவிடச் சில டிகிரிதான் குளிர்ந்தது. வெப்பத்தை அது பெரிதாகத் தடுப்பதில்லை. வெயிலைத் திருப்புகிறது, அவ்வளவே. குளிர்விக்கும் மேகம் என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 1989-ல் இந்த வரவுசெலவை வெளியிட்டார்கள். 1985 ஏப்ரலில் உலகம் முழுவதற்குமான சராசரி: சதுர மீட்டருக்கு மேகங்கள் திருப்பியது சுமார் 44 வாட், தடுத்தது சுமார் 31 வாட். மொத்தத்தில் குளிர்ச்சிதான். ஆனால் இரண்டு பெரிய எண்களின் கழிப்பில் மிஞ்சிய குளிர்ச்சி அது.

நம்பிக்கை: நடுப்பகலில் கடல் தகதகக்கிறது. வெயிலின் பெரும்பகுதியை அதுவே திருப்பிவிடும்.

உண்மை: சூரியன் உச்சியில் இருக்கையில் கடல் திருப்புவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நம் கண்ணில் படும் மினுக்கம் ஒரு திசையில் தெறிக்கும் ஒளி. மற்றதெல்லாம் நீருக்குள் போகிறது. வெப்பமண்டலத்தில் பெரும்பரப்பு கடல் என்பதால் இது சிறிய செய்தி அல்ல. வெளிறிய சகாரா மணலுக்கு மேலே ஒரு வெள்ளை மேகம் வந்தால் திரும்பும் ஒளி கொஞ்சம்தான் கூடும். அதே மேகம் கருநீலக் கடலுக்கு மேலே வந்தால் பல மடங்கு கூடும்.

கடல் சூடேறும்போது தாழ்மேகங்கள் குறைவதைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. குறைந்தால், வெயில் நேராக இருண்ட நீரில் விழும். உலகம் சூடாகச் சூடாக மேகங்களில் ஏற்படும் மாற்றம் அந்தச் சூட்டை மேலும் கூட்டும் என்றே காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை கணிக்கிறது.