கார் மேல வெள்ளை வட்டம்: எப்படி எடுப்பது, எப்படித் தடுப்பது?

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ., ஃபிளாஸ்க்கில் தண்ணி, அதுல ரெண்டு சொட்டு எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு நீலமா மாறினதும் ரீடிங் எழுதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி, அதோட மறந்துட்டோம். அன்னிக்கு நாம அளந்த அதே ஹார்ட்னஸ்தான் இப்போ வீட்டு வாசலில் நிக்கிற கார் மேல வெள்ளை வட்டமா உட்கார்ந்திருக்கு.

சென்னையில் போர் தண்ணியில் கார் கழுவுற எல்லா வீட்டுக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். "சரியாவே துடைக்கலை"ன்னு திட்டு வாங்குறது பெரும்பாலும் விடியற்காலையில் வந்து கழுவிட்டுப் போற அண்ணன்தான். ஆனா பாதித் தப்பு தண்ணியோடது.

வட்டம் எப்படி வருது?

போர் தண்ணியில் கால்சியம் பைகார்பனேட் கரைஞ்சிருக்கும். சொட்டு காயும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிடும், மிச்சம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. சுத்தமான தண்ணி ஒரு லிட்டரில் இது சுமார் 15 மில்லிகிராம்தான் கரையும். அதனால்தான் திரும்பத் திரும்ப வெறும் தண்ணி ஊத்தினாலும் கறை போகாது. அந்தத் தண்ணியும் போர் தண்ணின்னா இன்னொரு கோட்டிங் போட்ட மாதிரிதான்.

சரி, புள்ளியா இல்லாம வளையமா இருக்கே, ஏன்? சொட்டின் ஓரம் பரப்பில் ஒட்டிக்கிட்டு நகராம நிக்கும். ஆவியாதலும் ஓரத்தில்தான் வேகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணி ஓரத்துக்கு ஓடும், உப்பையும் கூடவே இழுத்துட்டுப் போகும். டேபிளில் சிந்தின காபி வளையமா காயுறதும் இதே காரணத்தால்தான். 1997ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேச்சர் இதழில் விளக்கினாங்க.

ஒரு சின்னக் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 படி ஹார்ட்னஸ் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. நம்ம தண்ணி 600னு வெச்சுக்குவோம். கழுவின பிறகு அரை லிட்டர் கார் மேலேயே நின்னு காயுதுன்னா, ஒரு தடவைக்கு 0.3 கிராம். வருஷத்துக்கு 100 தடவைன்னா 30 கிராம் சுண்ணாம்பு!

இதுல என்ன பெரிய விஷயம்?

ரெண்டு விஷயம். முதலில் கண்ணாடி. பகலில் தெரியாத படலம், ராத்திரி எதிரே ஹை பீம் வந்தா ஒளியைச் சிதறடிக்கும். ரோட்டைக் கடக்கிற ஆளு அந்த வெளிச்சத்துக்குள்ள மறைஞ்சுடுவார். அடுத்தது பெயின்ட். மேலே இருக்கிற கிளியர் கோட்டின் தடிமன் பொதுவா 40 முதல் 50 மைக்ரான், நம்ம தலைமுடியை விட மெல்லிசு. கறையை நாள்கணக்கா வெயிலில் விட்டா அதில் குழி விழும். பாலிஷ் போட்டா, குழியைச் சுத்தியுள்ள பெயின்ட்டைத் தேய்த்துத்தான் சமமாக்க முடியும். தேய்ஞ்சது திரும்ப வளராது.

எடுக்கும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி, பானட் கை வைக்கிற அளவு ஆறினதும் கார் ஷாம்பூ போட்டுக் கழுவணும். மண் இருக்கும்போதே தேய்ச்சா கீறல் விழும்.

2. மளிகைக் கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலக்கணும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பார்க்கணும்.

3. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைச்சு, கறை மேல ஒரு நிமிஷம் போட்டு வைக்கணும். அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரையுற உப்பா மாத்திடும். காய விடாம மெதுவாத் துடைச்சு, நிறைய தண்ணி விட்டு அலசி, உடனே ஈரம் எடுக்கணும்.

4. வினிகர் மெழுகையும் எடுத்துடும். அதனால கடைசியில் வேக்ஸ் போட்டே ஆகணும்.

இதுக்கும் போகாம, விரலால் தடவினா வழவழன்னு, ஆனா கண்ணுக்கு வட்டம் தெரியுதுன்னா அது கறை இல்லை, குழி. அங்கே பாலிஷ்தான் வழி. கண்ணாடியில் சிலிக்கா படிஞ்சிருந்தா வினிகருக்கு அசையாது, சீரியம் ஆக்சைடு பவுடர் வேணும். விண்ட்ஷீல்டில் ஒரே இடத்தை அழுத்தித் தேய்ச்சா பார்வை வளைஞ்சு தெரியும், அதைத் தெரிஞ்சவங்ககிட்ட விடுறது நல்லது.

டாய்லெட் ஆசிட் பக்கமே போகாதீங்க. வினிகரோட பிளீச்சிங் பவுடர் சேர்ந்தா குளோரின் வாயு வரும். கீழே மார்பிள் தரைன்னா வினிகர் சொட்டு அதையும் அரிச்சுடும், மார்பிளும் கால்சியம் கார்பனேட்தானே!

தடுக்கும் முறை

கழுவுறது எந்தத் தண்ணியா இருந்தாலும், கடைசி அலசல் உப்பு குறைஞ்ச தண்ணியா இருக்கணும். ஏ.சி. குழாயில் சொட்டுறது காற்றிலிருந்து குளிர்ந்த நீர், உப்பு கிட்டத்தட்ட கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி தேறும். துணியில் வடிகட்டினா போதும்.

ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி இதுக்கு நேர் எதிர். டி.டி.எஸ். 900 உள்ள 4 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் நல்ல தண்ணியா வந்தா, அந்த உப்பு முழுக்க மீதி 3 லிட்டரில் தங்கி 1200 ஆயிடும். வாசல் கழுவ, முதல் அலசலுக்கு ஓகே. கடைசி அலசலுக்கு வேண்டாம்.

வீட்டில் சாஃப்டனர் இருந்தாலும் உப்பு குறையாது, கால்சியத்துக்குப் பதில் சோடியம் வரும், அவ்வளவுதான். ஆனா சோடியம் உப்பு தண்ணியில் கரையும், ஈரத் துணியில் போயிடும்.

வேக்ஸ், செராமிக் கோட்டிங் போட்டா கறையே வராதுன்னு நம்ப வேண்டாம். தண்ணி முத்து முத்தா நிக்கும், ஒவ்வொரு முத்தும் காய்ஞ்சா ஒரு வட்டம். கறை ஆழமா ஒட்டாது, அதுதான் லாபம். துடைக்கிற வேலை நமக்கு இருந்துட்டேதான் இருக்கும்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மேல் ஸ்லாப் ஒழுகுதான்னும் பாருங்க. கான்கிரீட் வழியா வர்ற சொட்டு கடுமையான காரம், கறையிலேயே மோசமானது. பார்த்த அன்னிக்கே அலசி எடுத்துடணும்.

எல்லாத்தையும் விட மலிவான மருந்து, சொட்டு காயுறதுக்குள்ள துடைக்கிற உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. கார் கழுவுற அண்ணன்கிட்ட இன்னும் ரெண்டு துணியும் ஒரு வாளி ஏ.சி. தண்ணியும் கொடுத்துப் பாருங்க. திட்டு தானா நின்னுடும்.