பெய்ரூத் பல்கலைக்கழகமும் ஒரு கேள்வியும்

கிறிஸ்தவப் பாதிரிமார் தொடங்கிய கல்லூரியில் ஒரு முஸ்லிம் பிள்ளை தன் மார்க்கத்தைப் பேணிக்கொண்டு படிக்க முடியுமா? பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை வாசித்தபோது இந்தக் கேள்வியே என் மனதில் நின்றது.

உஸ்மானியப் பேரரசின் கீழிருந்த பெய்ரூத் நகரில், 1866 டிசம்பர் 3ஆம் திகதி, 16 மாணவர்களுடன் 'சிரியப் புரட்டஸ்தாந்துக் கல்லூரி' என்ற பெயரில் இது ஆரம்பமானது. முதல் தலைவர் அமெரிக்க மிஷனரியான டானியல் பிளிஸ். அவரை அங்கு அனுப்பிய மிஷன் சபைதான் எமது நாட்டில் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியை நிறுவியது. எந்த மதத்தவரும் வந்து கற்கலாம், எந்த நம்பிக்கையுடனும் வெளியேறலாம். ஆனால் கல்லூரி எதை உண்மையென நம்புகிறது என்பதை அறியாமல் போக முடியாது என்பது பிளிஸின் நிலைப்பாடு.

ஆரம்பத்தில் போதனா மொழி அரபு. மருத்துவமும் அரபு மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. கொர்னேலியஸ் வான் டைக் அம்மொழியில் விஞ்ஞானப் பாடநூல்கள் எழுதினார். அங்கு கற்பித்த யஃகூப் சர்ரூஃப், ஃபாரிஸ் நிம்ர் ஆகிய இருவரும் 1876இல் 'அல் முக்ததஃப்' என்ற அறிவியல் சஞ்சிகையைத் தொடங்கினர். 1882இல் பேராசிரியர் எட்வின் லூயிஸ் பட்டமளிப்பு உரையில் டார்வினைப் பாராட்டியதால் பதவி இழந்தார். மாணவர்கள் கொதித்தெழுந்தனர், வான் டைக்கும் விலகினார். 1880களில் அரபு மொழியின் இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது.

நான் தேடிய விடை 1909இல் கிடைத்தது. தேவாலய வழிபாட்டுக்கும் பைபிள் வகுப்புக்கும் கட்டாயம் செல்ல வேண்டும் என்ற விதிக்கு முஸ்லிம் மாணவர்கள் பணிய மறுத்தனர். யூத மாணவர்களும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். நிர்வாகம் இலகுவில் இணங்கவில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் உஸ்மானிய அரசின் சட்டம் வந்த பின்னரே அந்தக் கட்டாயம் தளர்ந்தது. 1920இல் கல்லூரி இன்றைய பெயரைப் பெற்றது. அந்தப் பத்தாண்டில் பெண்களுக்கும் அதன் வகுப்பறைகள் திறந்தன.

அம்மாணவர்கள் கல்வியை வெறுக்கவில்லை, கட்டாயத்தையே மறுத்தார்கள். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நம்மில் பலர், நாம் சிறு தொகையினராக இருக்கும் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோம். அங்கே எமது தொழுகைக்கும் உடைக்கும் மதிப்பை எதிர்பார்ப்போம். அதே மதிப்பை, நாம் பெருந்தொகையினராக இருக்கும் இடங்களில், எம்மிடையே வரும் பிற மதத்தவருக்கு நாம் தருகிறோமா? பெய்ரூத் மாணவர்கள் அன்று நிர்வாகத்திடம் கேட்ட நீதி, இன்று நம்மிடமும் கேட்கப்பட வேண்டியதே.