ஆஞ்சியோவுக்குக் கை வழியா, தொடை வழியா?



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வருவோரில் சிலர், ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லியும் நாளைக் கடத்துகிறார்கள். காரணம் பணம் மட்டுமல்ல. "தொடையில் குழாய் விடுவார்களாமே" என்ற கூச்சமும், தொழுகை தவறுமே என்ற கவலையும்தான். பெண்களிடம் இது அதிகம்.

இதயத்துக்குக் குழாய் செலுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொடை இடுக்கு. மற்றொன்று மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடம். இந்தியாவின் முதல் பலூன் சிகிச்சையை 1986இல் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் செய்த காலத்தில் தொடையே வழக்கமான வழி. 1989இல் கனடா மருத்துவர் லூசியன் காம்போ, 100 பேருக்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்ததை வெளியிட்டார். 2015இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில், மாரடைப்பு போன்ற அவசர நிலையில் வந்த 8,404 பேரை ஒப்பிட்டனர். கை வழியில் ரத்தக்கசிவும் மரணமும் குறைவாக இருந்தன.

காரணம் எளிது. மணிக்கட்டுக் குழாய் எலும்பின்மேல் ஓடுவதால் அழுத்தினால் ரத்தம் நிற்கும். தொடையிலோ கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசியலாம். அதனால் சில மணி நேரம் காலை நீட்டி அசையாமல் படுக்க வேண்டும். கை வழியென்றால் விரைவில் எழுந்து உட்காரலாம்.

ஆனால் எல்லோருக்கும் கை வழி பொருந்தாது. டயாலிசிஸ் செய்வோர், அதை எதிர்நோக்கும் சிறுநீரக நோயாளிகள், மணிக்கட்டுக் குழாய் மிகச் சிறுத்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் தொடையைத் தேர்ந்தெடுக்கலாம். எனவே கையெழுத்திடும் முன்:

1. "எனக்குக் கை வழியாகச் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள்.
2. சிறுநீரகக் கோளாறு, முன்பு செய்த பைபாஸ், சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை அனைத்தையும் சொல்லுங்கள்.
3. பெண்கள், இயன்றால் பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்கலாம்.

தொடைதான் வழி என்றால் மறுக்காதீர்கள். சிகிச்சைக்காகத் தேவையான அளவு அவ்ரத்தைத் திறக்க மார்க்கம் அனுமதிக்கிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்துச் சைகையாலும் தொழலாம். மணிக்கட்டில் கட்டு இருந்தால் ஒளுவில் அதன்மேல் மஸ்ஹு செய்தால் போதும். ஸஜ்தாவிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றாதீர்கள்; சில நாட்கள் தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின் ரத்தம் வந்தால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்து 108ஐ அழையுங்கள். தொடையில் வீக்கம், இடுப்பு அல்லது அடிவயிற்றில் வலி, விரல்கள் நீலமாதல் அல்லது மரத்துப்போதல் இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

நெஞ்சுவலி வந்த நேரத்தில் வழியைப் பற்றி வாதாட வேண்டாம். அப்போது எந்த வழி விரைவோ அதுவே நல்ல வழி.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.

– செயலாளர்