எஞ்சின் மவுண்ட் கசிந்தால் என்ன செய்வது?

நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று லீசிங்கில் ஒரு பழைய ஜப்பான் காரை எடுத்து ஹயர் ஓடுகிறார்கள். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி ஒரு வாரம் கராஜில் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அப்படியானவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்குமாக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து போய் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறிய நம்மவர்கள் அநேகர். கல்யாணம், கருமாதி, வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்று இங்கிருந்து வண்டிகள் போய் வருகின்றன. ஏ9 பெருவீதி இப்போது நல்ல தார்வீதிதான். ஆனால் மாங்குளத்திலோ பரந்தனிலோ திரும்பி உள்ளூர்க் கிராமங்களுக்குள் இறங்கினால் கிறவல், குழி, செம்புழுதி. மலையில் ஏற்ற இறக்கத்தில் உழைத்த வண்டி அங்கே குலுங்கும்போதுதான் உள்ளே கிடந்த பழைய வருத்தம் வெளியே தெரிய வரும்.

"நிப்பாட்டி வச்சா வண்டி நடுங்குது அண்ணே, கீழயும் ஏதோ ஒழுகுது." இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டவுடனேயே "எஞ்சின் இறக்க வேணும் தம்பி" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எஞ்சினை இறக்கினால் பல மாதத் தவணைப் பணம் அதிலேயே போய்விடும். குற்றமோ எஞ்சினில் இல்லாமல், எஞ்சினைத் தாங்குகிற மவுண்டில் இருக்கலாம். ஆகவே முதலில் அதைப் பார்க்கச் சொல்கிறோம்.

எஞ்சின் ஓடும்போது துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு பொடிக்குப் போகாமல் நடுவில் நின்று தாங்குவதுதான் மவுண்ட். ஒரு காரில் மூன்று அல்லது நான்கு இருக்கும். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் அது வெறும் இறப்பர்க் கட்டி. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் அந்த மாதிரிப் பழைய கார்கள் ஓடின. பெற்றோல் கிடைப்பது அரிது என்பதால், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களின் மவுண்ட் வெடிக்கும், பிய்யும், ஆனால் கசியாது. உள்ளே கசிய ஒன்றும் இல்லையே!

கொரோலா 121 போன்ற பிந்திய கார்களின் கதை வேறு. எஞ்சினைக் குறுக்காக வைத்திருக்கும் இவ்வகைக் கார்களில் ஒரு மவுண்டாவது, பெரும்பாலும் வலது பக்கத்தில் இருப்பது, திரவம் நிரப்பியதாக இருக்கும். இறப்பருக்குள் இரண்டு சிறிய அறைகள், இடையில் ஒடுக்கமான ஒரு வழி. எஞ்சின் அசையும்போது திரவம் அந்த வழியால் நெருக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். அந்த நெருக்கத்திலேயே ஆட்டம் அடங்கிப் போகும். திரவம் அநேகமாக கிளைக்கோல் கலந்த நீர், அதாவது ரேடியேட்டருக்கு விடும் கூலன்ற் வகையைச் சேர்ந்தது. அது நஞ்சு. கையில் பட்டால் கழுவுங்கள், பிள்ளைகளையும் நாயையும் கிட்ட விடாதீர்கள். இறப்பர் வெடித்துத் திரவம் வெளியேறிவிட்டால் எஞ்சினின் துடிப்பு நேராக ஸ்டியரிங்குக்கும் சீற்றுக்கும் வந்து சேரும்.

வயதும் சூடும் இறப்பரைக் கெடுக்கும். அவற்றைவிட மோசமானது ஒயில். இயற்கை இறப்பருக்கு எண்ணெய் ஆகாது. பட்டால் ஊதி மெதுத்துப் போகும். டப்பட் கவர் பக்கிங்கால் ஒயில் ஒழுகி மவுண்டில் விழுகிறதென்றால், முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது மவுண்டும் அதே கதிதான்.

இனிக் கசிவைக் கண்டுபிடிக்கும் விதம். மலையில் மழையும் சேறும் கசிவை மறைத்துவிடும். வன்னியில் புழுதியே சாட்சி சொல்லும், ஈரமுள்ள இடத்தில் செம்மண் அப்பிப் பிடிக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டு, கச்சான் வாங்குவார்கள் அல்லவா? திரும்பி வந்ததும் பொனற்றைத் திறந்து, கை வைக்காமல் பாருங்கள். மவுண்டின் இறப்பரில் வெடிப்பு, அதிலிருந்து கீழ்நோக்கிக் கறுப்பாக ஒரு வடு, அந்த வடுவுக்கு மேலே எங்கும் ஈரமில்லை என்றால் கசிவது மவுண்டேதான். மேலேயிருந்து ஈரம் இறங்கி வருகிறதென்றால் அது எஞ்சின் ஒயில். எஞ்சின் ஆறிய பிறகு ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள், கூலன்ற் மட்டத்தையும் பாருங்கள். மவுண்ட் மட்டும் கசிந்தால் இரண்டும் குறையாது. மவுண்டுக்குள் இருப்பது கொஞ்சத் திரவமே. ஒழுகி முடிந்தால் நின்றுவிடும். நாள் தோறும் புதிதாகச் சொட்டினால் அது வேறு கசிவு.

நடுக்கத்தையும் சோதிக்கலாம். ஓட்டோ கியர் காரானால் பிரேக்கை நன்றாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, 'டி'யில் நிறுத்துங்கள். நடுக்கம் கூடி, 'என்'னில் போட்டதும் குறைந்தால் மவுண்டில் சந்தேகம் வரும். அக்சிலேற்றரைச் சற்று மிதித்தால் நடுக்கம் மறைகிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் தட்டித் தடுமாறி ஓடினால், அல்லது எஞ்சின் லைற் எரிந்தால், பிளக், கொயில் பக்கம் தேட வேண்டும். இன்னொருவர் 'டி'யும் 'ஆர்'உம் மாற்றிப் போட, எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பதும் உண்டு. பார்ப்பவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது.

கசிந்துவிட்டதே என்று நடுவழியில் பயப்பட வேண்டாம். முல்லைத்தீவிலிருந்து மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் மற்ற மவுண்டுகளும் கெடும், சைலன்சர் பைப்பும் ஹோஸ்களும் இழுபடும். எடுக்கும்போது 'டங்' என்று இரும்பு அடிபடும் சத்தம் கேட்டால் மட்டும் ஓட்டாதீர்கள்.

மாற்றுவது பெரிய வேலையல்ல, கவனமான வேலை. சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, எஞ்சினை ஆறவிடுங்கள். ஒயில் சம்புக்குக் கீழே அகலமான பலகை வைத்து அதன்மேல் ஜக்கைக் கொடுங்கள். பலகையில்லாமல் கொடுத்தால் சம்பு நசுங்கும். காரைத் தூக்கக் கூடாது, எஞ்சினின் பாரத்தை மட்டும் ஜக் வாங்கினால் போதும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே படுக்கக் கூடாது. பிறகு நட்டு, போல்ட்களைக் கழற்றி, ஜக்கை ஒரு துளி ஏற்றி இறக்கினால் பழையது வெளியே வரும். புதியதைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள், பழையது குள்ளமாகிப் போயிருக்கும். புதியதன் போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, ஜக்கை இறக்கி எஞ்சினின் பாரம் மவுண்டில் இருந்த பிறகே இறுக்க வேண்டும். தூக்கிப் பிடித்தபடி இறுக்கினால் இறப்பர் முறுகி, நடுக்கம் போகாது. எவ்வளவு இறுக்கம் என்பது அந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். டோர்க் ஸ்பெனர் உள்ள கராஜில் செய்வது நல்லது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகம் மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். மவுண்டைப் பொறுத்தவரை நமக்கு அது சம்மதமில்லை. இறப்பர் சும்மா கிடந்தாலும் வயது போகும். வாங்கியே ஆக வேண்டுமானால் மடிப்புகளை விரலால் விரித்து, வெடிப்பும் ஈரமும் இல்லையென்று பார்த்து வாங்குங்கள். திரவமில்லாத வெறும் இறப்பர் மவுண்டும் விற்கிறார்கள். எஞ்சினைத் தாங்கும், நடுக்கம் கொஞ்சம் மிஞ்சும். சிலிக்கோன் பூசி அடைத்துத் தருகிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள். போன திரவம் போனதுதான்.

மாற்றி இரண்டு மூன்று ஹயர் ஓடிய பின் எஞ்சின் ஆறியிருக்கும் ஒரு காலையில் போல்ட்களை ஒருமுறை சரிபாருங்கள். மற்ற மவுண்டுகளையும் அப்போதே டோர்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.