எடைக்கு முன் இறங்கிய சர்க்கரை

நெடுங்காலம் நீரிழிவோடு வாழ்ந்து, கடைசியில் வைத்தியர்களின் யோசனைப்படி, இரைப்பையைக் கோழிமுட்டையினும் சிறிய பையாகச் சுருக்கிக் குடலை வேறு வழியாகத் திருப்பி இணைக்கும் பைபாஸ் சஸ்திர சிகிச்சைக்கு உட்பட்டவன் என்ற முறையில், அதே வழியில் செல்ல உத்தேசித்திருப்பவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: எடை குறைவதால் சர்க்கரை குறைகிறது என்பது விஷயத்தின் ஒரு பாதிதான். என் எடையில் சொல்லத்தக்க மாறுதல் எதுவும் தோன்றுமுன்பே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே, இன்சுலின் அளவைப் பாதிக்கும் கீழாகக் குறைக்க வேண்டி வந்தது. அப்போது ஆகாரம் திரவமாகவும் அற்பமாகவும் இருந்தது ஒரு காரணமே. ஆயினும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடத் தொடங்கிய பின்னரும் சர்க்கரை பழைய உயரத்துக்கு ஏறவில்லை.

அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரிஸ் என்ற சஸ்திர வைத்தியர், தம்மிடம் பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவுக்காரர் 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலையில் நின்றதாக 1995-இல் எழுதியபோது, வைத்திய உலகம் வியந்தது. காரணம் குடலிலேயே இருக்கிறது. உண்ட உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரமாகச் சென்று சேர்வதால், அங்குள்ள உயிரணுக்கள் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனை முன்னிலும் பன்மடங்கு சுரக்கின்றன. அது கணையத்தைத் தூண்டி, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேளையில் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அதனோடு சுரக்கும் மற்றொரு ஹார்மோன் மூளைக்குத் திருப்தியை உணர்த்துகிறது. நாலு கவளத்தில் போதும் என்று தோன்றியதை என் மனவுறுதியின் பலனென்று உறவினர் புகழ்ந்தார்கள். புகழ் இந்த ஹார்மோன்களுக்கே உரியது.

குடலில் வாழும் நுண்ணுயிர்களும் இதில் பங்காளிகள். அமிலம் குறைந்து, பித்தநீர் கலக்கும் இடமும் மாறிவிடுவதால், முன்பு ஒடுங்கியிருந்த சில இனங்கள் பெருகுகின்றன. பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், பைபாஸ் செய்த சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களை, நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்குள் செலுத்தியபோது, கத்தியே படாத அவையும் எடை இழந்தன என்று 2013-இல் வெளியிட்டார்கள். மனிதர் விஷயத்தில் இத்தனை தெளிவு இன்னும் ஏற்படவில்லையாதலால், நுண்ணுயிர் மாத்திரை விளம்பரங்களுக்கு நான் காசு செலவழிப்பதில்லை. முதலில் முட்டை, மீன், பருப்பு என்று புரதத்தை முடித்துக்கொண்டு, வயிறு பழகப் பழகக் கீரையும் அவரையும் பயறும் சேர்த்து வருகிறேன். அந்த உயிர்களுக்கு வேண்டிய ஆகாரம் நார்ச்சத்தே. சிறு ஜுரத்துக்கெல்லாம் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதையும் விட்டொழிக்க வேண்டும்.

சர்க்கரையை இறக்கும் பழைய மாத்திரைகளை, விசேஷமாகக் கிளிமிபிரைடு வகையை, சிகிச்சைக்குப் பின்பும் பழைய அளவிலேயே சாப்பிடுவது ஆபத்து. தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ நேரும். பாயசம் ஒரு கிண்ணம் குடித்தால் சிறிது நேரத்தில் மார்பு படபடத்து வியர்த்துக் கொட்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கலாகாது. பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் பரியந்தம் வேண்டும். பி-12 குறைவால் வரும் கால் மரமரப்பைச் சர்க்கரையின் உபத்திரவமென்று எண்ணி அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

வியாதி அடியோடு தொலைந்தது என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. கிளீவ்லாந்தில் 150 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையில், ஐந்து வருஷத்துக்குப் பிறகு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6 சதவிகிதத்துக்குள் நின்றவர்கள் மருந்து மட்டும் உண்டவர்களில் 5 சதவிகிதம், பைபாஸ் செய்தவர்களில் 29 சதவிகிதம். வித்தியாசம் பெரிதுதான், எனினும் பெரும்பாலோர் அந்த எல்லையைத் தாண்டியே இருந்தார்கள். வியாதி புதிதாக இருப்பவர்களுக்கும், கணையத்தில் சுரக்கும் சக்தி மிஞ்சியிருப்பவர்களுக்குமே பலன் அதிகமாகையால், தேதி குறிப்பதற்கு முன் சி-பெப்டைடு பரிசோதனை செய்து அந்தச் சக்தி எவ்வளவென்று வைத்தியரிடம் கேட்டறியுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்குகையில் விழித்திரைக் கோளாறு சிலருக்கு முற்றுவதுண்டாதலால், கண் வைத்தியரையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.