மேல் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது?

ஹாலிஎலயில் வீட்டு பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் புது வீட்டுக்குத்தான் ஆட்கள் வருவார்கள். இப்போது அதிகம் வருவது, இருக்கிற வீட்டை இரண்டு மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட நினைப்பவர்கள். பதுளையில் வேலை பார்ப்பவர்களும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அனெக்ஸ் தேடுகிறார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் தாய் தகப்பனுக்கு அந்த வாடகை பெரிய ஆறுதல். நல்ல காரியம்தான். ஆனால் பலர் பிரதேச சபைப் பக்கம் போகாமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். "வெளிச்சுவரைத் தொடவே இல்லையே தம்பி, உள்ளே ஒரு கதவை அடைச்சு, பின்னால ஒரு குசினி போட எதுக்குப் பிளான்?" என்று என்னிடமே கேட்பார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், ஒரே குடியிருப்பாகக் கட்டிய வீட்டைப் பல குடியிருப்புகளாக்குவதையும் கட்டட மாற்றம் என்றே கொள்கிறது. வெளியே ஒரு கல்லும் அசையாவிட்டாலும் அனுமதி எடுக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் பிரகடனப்படுத்திய இடமென்றால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேரும். அனுமதி இல்லாத கட்டடத்தை இடிக்க நீதவானிடம் கட்டளை பெற அதில் வழி இருக்கிறது.

விண்ணப்பம் பிரதேச சபையின் திட்டமிடல் குழுவுக்குப் போகும் முன் இடத்தைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் கேட்பது, "அண்ணே, குழி எங்க இருக்கு?" என்றுதான். அறை எத்தனை, டைல்ஸ் என்ன என்பதெல்லாம் பிறகு. ஐந்து பேருக்கு வெட்டிய மலசலகூடக் குழியில் பதினைந்து பேரின் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும்? சமநிலத்தில் அது நாற்றத்தோடு போய்விடும். எங்கள் சரிவில் அந்த நீர் மண்ணுக்குள் ஊறி, மண்ணின் பாரத்தைக் கூட்டி, அதன் பிடிமானத்தைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதத்தில் அதே மண் வானத்துத் தண்ணீரையும் தாங்க வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது கடும் மழையால். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கையை எழுத்தில் வைத்துக்கொண்டு மனிதர்களை அங்கேயே இருக்க விட்ட அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது. பதுளை மாவட்டத்தில் சரிவில் கட்ட அந்த நிறுவனத்தின் பரிந்துரையைச் சபை கேட்பதைத் தொல்லை என்று யாரும் சொன்னால் நான் விடமாட்டேன்.

அதனால் என்னிடம் வருபவர்களை முதலில் அந்த நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் கொண்டு போங்கள். அவர்களுடைய அறிக்கையில் மண்ணை நிமிர்த்தி வெட்டாதே, தடுப்புச் சுவர் கட்டு, கான் போடு என்று நிபந்தனைகள் வரும். அவற்றைப் பார்த்த பிறகு படம் கீறினால் கீறிய படம் வீணாகாது. மேலே தட்டு எழுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தால், அந்தக் காசு சீமெந்தாக மாறுவதற்கு முன்பே மிச்சம்.

பிளானில் பலர் விடும் இடம் கான். கூரைத் தண்ணீர், குளிக்கும் தண்ணீர், குசினித் தண்ணீர் மூன்றும் வீட்டைவிட்டு எந்த வழியாகப் போய், எந்த ஓடையில் சேர்கிறது என்பதை நான் கடைசி அடி வரை கீறிவிடுவேன். கோடு பக்கத்துக் காணியின் எல்லையில் நின்றுவிட்டால் அந்தப் பிளான் முடியவில்லை என்று அர்த்தம். புதுக் குழியைச் சரிவின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். கிணற்றிலிருந்தும் அது போதிய தூரம் விலகியிருக்க வேண்டும், அது அயலவரின் கிணறாக இருந்தாலும்.

பிரதான வீதியை ஒட்டிய காணிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், ரயில் பாதையை ஒட்டியதற்கு ரயில்வே திணைக்களத்திடமும் கேட்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுத்த பிறகே ஆட்களைக் குடியேற்றுங்கள். பிரித்த பகுதிகளைத் தனித்தனியாக விற்கும் எண்ணம் இருந்தால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் வழி வேறு. அதற்குத் தொடக்கத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள்.

"சரி வராது" என்று வாயால் சொல்லும் பதிலோடு திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். ஹாலிஎல இருமொழி நிர்வாகப் பிரிவு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

கட்டட அனுமதிச் சட்டம் வீட்டுக்காரருக்கு மட்டும் உரியதல்ல. பாதையோர வீடுகளுக்குக் கீழே பல இடங்களில் லயங்கள் இருக்கின்றன. மேலே மூன்று குசினி வந்தால், கீழே இஸ்தோப்பில் சேறு சேரும். லயத்துக் காம்பராவுக்கு உறுதி இல்லாததால் தங்களுக்குக் கேட்க உரிமை இல்லை என்று அங்குள்ளவர்கள் நினைக்கிறார்கள். உறுதி இல்லாதவரும் சபைத் தலைவருக்கு எழுதலாம். தண்ணீர் வரும் இடத்தை மழை நேரத்தில் போட்டோ எடுத்து, திகதி போட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, இன்னொன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கு. மேலே வேலை தொடங்கியது தெரிந்தவுடனே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கிறேன்.