பவழத் திட்டுகளைக் கண்காணிக்க வெப்பக் கணக்கு உதவும் விதம்

கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவழம் வெளிறும் என்பதை நம் வாசகர்கள் அறிவர். பவழ உயிரியின் திசுவினுள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவின் பெரும்பகுதியை அளிப்பவை. நிறத்தைத் தருவதில் பெரும்பங்கும் அவற்றினுடையதே. வெப்பம் மிகும்போது அப்பாசிகள் வெளியேறுகின்றன. திசுவின் ஊடே வெண்மையான சுண்ணாம்புக் கூடு புலப்படுகிறது. வெளிறிய பவழம் இறந்த பவழமன்று. வெப்பம் விரைவில் தணிந்தால் தேறிவிடும்; தணியாவிடில் சில வாரங்களில் மடியும். மடிந்த கூட்டின்மேல் வேறு பாசிகள் படர்ந்துவிட்டாலோ, அது வெப்பத்தால் மடிந்ததா, வேறு காரணத்தால் முன்னரே மடிந்ததா என்று கூறுவது கடினம். ஆகவே, காண வேண்டிய காலத்தில் காணாதவருக்குத் திட்டு உண்மையைக் கூறாது.

லட்சத்தீவில் இக்காலம் மேலும் குறுகியது. அங்கே கடல்நீர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் உச்ச வெப்பத்தை அடைகிறது. அதையடுத்துத் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், திட்டின் வெளிப்புறத்தில் படகை நிறுத்தி நீரில் மூழ்கி அளப்பது அரிது. தீவுகளோ பல, அளப்போர் சிலர். எங்கே, எப்போது செல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க ஒரு கணக்கு வேண்டும். அத்தகைய கணக்குகளையே சூழலியல் மாதிரிகள் என்கிறோம். அவற்றுள் எளியதும் மிகுதியாகப் பயன்படுவதும் வெப்பச் சேர்க்கைக் கணக்காகும்.

அதன் முறை கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்கது. ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் நெடுங்காலச் சராசரி 29.5 டிகிரி சென்டிகிரேடு என்று கொள்வோம். அதற்குமேல் 1 டிகிரியோ அதற்கு அதிகமாகவோ உயர்ந்த வாரங்களின் மிகுதியை மட்டும் கூட்ட வேண்டும். ஐந்து வாரங்களில் வெப்பநிலை 30.2, 30.5, 30.8, 31.0, 30.7 என்றிருப்பின், முதல் வாரத்தின் மிகுதி 0.7 ஆதலால் அதை விட்டுவிடுகிறோம். ஏனையவை 1.0, 1.3, 1.5, 1.2; கூட்டுத்தொகை 5.0 டிகிரி-வாரங்கள். இவ்வாறு கடந்த 12 வாரங்களின் மிகுதியைத் தொடர்ந்து கூட்டி வருவர். தொகை 4-ஐ எட்டினால் கணிசமான வெளிறலையும், 8-ஐ எட்டினால் கடுமையான வெளிறலையும் உயிரிழப்பையும் எதிர்பார்க்கலாம் என்பது பொதுவான அளவுகோல். (உண்மையில் கணக்கு நாள்தோறும் செய்யப்படுகிறது, எளிமைக்காக வாரமாகக் காட்டினோம்.) நம் எடுத்துக்காட்டில் நான்காம் வார முடிவில் தொகை 3.8. களக்குழு புறப்படத் தக்க தருணம் அதுவே; 8 வரும்வரை காத்திருந்தால் இறப்பை எண்ணுவது மட்டுமே எஞ்சும்.

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் அளவைகளிலிருந்து இத்தகைய கணக்கிட்டு, 2011-ஆம் ஆண்டு முதல் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடா ஆகிய பகுதிகள் அவற்றில் அடங்கும்.

எனினும் செயற்கைக்கோள் காண்பது நீரின் மேற்பரப்பை. அதுவும் கிலோமீட்டர்க் கணக்கில் அகன்ற கட்டங்களாக. காயலின் ஆழமற்ற நீரும், அலை மோதும் வெளிச்சரிவும் ஒரே கட்டத்துள் ஒரே எண்ணாகிவிடுகின்றன. பவழ இனங்களும் ஒன்றுபோல் வெப்பத்தைத் தாங்குவதில்லை. கிளைத்து வளர்பவற்றுள் பல விரைவில் மடிய, உருண்டு திரண்ட வகைகள் பல பிழைக்கின்றன.

லட்சத்தீவின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கே திட்டுகள் பெருமளவில் வெளிறின. அகத்தி, கத்மத், கவரத்தி ஆகிய தீவுகளில் 1998 முதல் 2022 வரை அளந்த ஆராய்ச்சியாளர்கள், உயிர்ப்பவழத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கண்டனர். ஆயினும் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் இறப்பின் அளவு குறைந்து வந்தது. மீண்டும் வளரும் வேகமும் குறைந்தது. பலவீனமான இனங்கள் முன்னரே அழிந்திருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். வெப்பத்தை மட்டும் கூட்டும் கணக்கு இவற்றுள் எதையும் அறியாது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நாடா விரித்து அளந்தவர்களால்தான் இது தெரிய வந்தது.

இங்கே களப்பணியாளர் எளிதில் செய்யும் பிழை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எச்சரிக்கை வந்த திட்டுக்கு மட்டும் சென்று, வெளிறலைக் கண்டு, கணக்குச் சரியே என்று எழுதிவிடுகிறோம். எச்சரிக்கை வராத திட்டும் வெளிறியிருக்கலாம். அங்கே எவரும் செல்லாததால் கணக்கின் தவறு ஒருபோதும் வெளிப்படுவதில்லை. ஆதலின் செல்லும் நாட்களில் ஒரு பகுதியை எச்சரிக்கை இல்லாத இடங்களுக்கென ஒதுக்குவது இன்றியமையாதது. அவ்விடங்களை விருப்பப்படி தேர்ந்தெடாமல் சீட்டுப் போட்டுத் தேர்வது நன்று.

குறிப்பேட்டில் நாள், இடம், ஆழம், அவ்வாழத்தில் நீரின் வெப்பநிலை, பவழத்தின் வடிவம், நூறு புள்ளிகளில் வெளிறியவை எத்தனை என்பவற்றை எழுதுக. வெளிறலே இல்லாவிடில் அக்கட்டத்தை வெறுமையாக விடாமல் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடத்தைப் பின்னர் படிப்பவர் "பார்க்கவில்லை" என்றே கொள்வார்; கணக்கைத் திருத்துவோருக்கு அந்தச் சுழியும் தேவை.